கடைக் கணக்கை ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கும் முன் பின்வாசலைப் பார்ப்பது எப்படி

ஒரு மார்ச் மாதக் கடைசி. திருநெல்வேலி பேட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பலசரக்குக் கடை. அண்ணாச்சி காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு, கம்ப்யூட்டரைப் போட்டால் பில் போடுகிற மென்பொருளின் திரை முழுக்க ஒரே வாசகம், உங்கள் சந்தா முடிந்துவிட்டது என்று. கீழே ஆரஞ்சு நிறத்தில் பணம் கட்ட ஒரு பட்டன். மூலையில் வெளியேற ஒரு பட்டன். வேறு எதையும் தொட முடியவில்லை. பில் போட முடியாதது கூடப் பரவாயில்லை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். ஆனால் பற்று வைத்திருக்கிற முந்நூற்றுச் சொச்சம் வீடுகளின் பாக்கி முழுக்க அதற்குள்ளே கிடந்தது. எனக்குப் போன் போட்டார்.

"தம்பி, துட்டு கட்டலைன்னா புது பில்லு போட விடமாட்டேங்கான், அது சரி. நான் ஊருக்குக் குடுத்த கடனை நானே பாக்கக் கூடாதுங்கானே, இது என்ன நியாயம்டே?"

என்னிடம் பதில் இல்லை. அந்த மென்பொருளை அவருக்கு வைத்துக் கொடுத்தவனே நான்தான். முதல் வருடம் 6,000 ரூபாய் என்று விற்ற கம்பெனி, இரண்டாம் வருடம் 11,500 கேட்டது. கட்டினோம், வேறென்ன செய்ய. கட்டிய அரை நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கணக்கு எங்கேயும் போகவில்லை, கதவை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்கள் அதை மட்டும் விட்டுவிட்டு, இதே பூட்டைப் போட்ட இன்னொன்றை வாங்கி வருவீர்கள். அதற்குப் பதில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் காசு கொடுக்கும் முன் எப்படிச் சோதிப்பது என்று எழுதுகிறேன். பலசரக்குக் கடையை வைத்துத்தான் சொல்கிறேன், ஆனால் டியூஷன் சென்டர், மருந்துக் கடை, பத்தமடையில் பாய் வாங்கி விற்கிறவர், யாருக்கும் இது பொருந்தும்.

முதலில் ஒரு பழக்கத்தை விடணும்

வண்ணார்பேட்டை டீக்கடையில் நின்றால் எல்லாக் கம்பெனிக்கும் தீர்ப்பு கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் மோசம், கூகுள் உளவு பார்க்கிறான், இவன் நல்லவன், அவன் திருடன். இந்தத் தீர்ப்புகளால் உங்கள் கடைக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் கம்பெனி இன்றைக்கு இருக்கிற மாதிரி அடுத்த வருடம் இருக்காது. ஆள் மாறும், முதலாளி மாறுவார், லாபம் எங்கிருந்து வருகிறது என்பது மாறும், அப்புறம் குணமும் மாறும்.

வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இரண்டு பேரும் விளம்பரமே கிடையாது என்பதைக் கொள்கையாகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள், பொய்யாகச் சொன்னதாகவும் எனக்குத் தோன்றவில்லை. 2014-இல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. பிற்பாடு இரண்டு பேருமே வெளியே போய்விட்டார்கள். 2025 ஜூனில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் வரும் என்று அறிவிப்பு வந்தது. கூகுள் போட்டோஸில் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்றார்கள், ஊரே கல்யாணப் படம், கொடைப் படம் என்று ஏற்றியது, 2021 ஜூன் 1 முதல் ஏற்றுவது 15 ஜிபி இலவச இடத்தின் கணக்கில் சேரும் என்றார்கள். ஸ்கைப் 2003-இல் வந்தது, மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் வெளிநாட்டில் ஆள் இருக்கிற எத்தனையோ வீடுகளுக்கு முகம் பார்த்துப் பேசும் வசதியே அதன் பெயரில்தான் அறிமுகம். 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கி, 2025 மே 5-ஆம் தேதி மூடிவிட்டது.

இதில் யாரும் சட்டத்தை மீறிவிடவில்லை. தங்கள் பொருள், தங்கள் முடிவு. அதனால் 'இவன் நல்லவனா' என்ற கேள்வியை டீக்கடையிலேயே விட்டுவிட்டு, 'இவன் நாளைக்கு மாறிவிட்டால் என் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வர முடியுமா' என்று மட்டும் கேளுங்கள். பின்வாசல் என்று நான் சொல்வது அந்த வழியைத்தான். விடையை அவன் வாயால் வாங்காமல் நீங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், ஒரு மதியம் போதும்.

இருபது பில் போட்டு, வெளியே எடுத்துப் பாருங்கள்

பெரும்பாலான மென்பொருளுக்கு ஏழு நாளோ பதினைந்து நாளோ இலவசமாகப் பார்க்கும் காலம் உண்டு. நாம் என்ன செய்கிறோம் என்றால் அந்த நாட்களில் பில் அழகாக வருகிறதா, லோகோ விழுகிறதா, வாட்ஸ்அப்பில் போகிறதா என்று பார்க்கிறோம். அதெல்லாம் எவனிடமும் நன்றாகவே இருக்கும், அதைக் காட்டித்தானே விற்கிறான். நீங்கள் பார்க்க வேண்டியது எக்ஸ்போர்ட், அதாவது உங்கள் கணக்கை ஃபைலாக வெளியே எடுக்கிற வசதி.

நிஜ மாதிரியே இருபது பில் போடுங்கள். சாமான் பெயரையும் ஆள் பெயரையும் நீங்கள் நோட்டில் எழுதுகிற மாதிரி தமிழிலேயே எழுதுங்கள்: 'மேலத்தெரு டீச்சர் வீடு', 'லைன்மேன் வீடு', 'கல்லிடைக்குறிச்சி அப்பளம் பெரிசு', 'கருப்பட்டி அரைக் கிலோ'. நாலைந்து பில்லைக் கடனில் போடுங்கள். ஒருவர் பாதிப் பணம் கொடுத்ததாக வரவு வையுங்கள். ஒரு சாமானைத் திருப்பி வாங்குங்கள், ஏனென்றால் பல மென்பொருள் தடுமாறுகிற இடம் அதுதான். அப்புறம் எக்ஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பத்து நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை, அல்லது 'மேல் திட்டத்துக்கு மாறினால் மட்டும்' என்று வருகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், மிச்சச் சோதனை தேவையில்லை.

பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் அதை எக்ஸ்போர்ட் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடிஎஃப் என்பது பேரேட்டைப் போட்டோ பிடித்துக் கொடுப்பது மாதிரி. பார்க்கலாம், வேறு மென்பொருளுக்குள் ஏற்ற முடியாது. சிஎஸ்வி (எந்த மென்பொருளும் வாசிக்கிற சாதாரணப் பட்டியல் ஃபைல்) அல்லது எக்செல் வேண்டும்.

ஃபைல் வந்ததும் திறப்பீர்கள், திறந்ததும் பலருக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் சின்னக் கோடு போட்ட ஆங்கில எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வரிசையாக நிற்கும். இதற்குக் கம்பெனியைத் திட்ட வேண்டாம். கணக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது, எக்செல்தான் அதைத் தப்பான குறியீட்டில் வாசிக்கிறது. அந்த ஃபைலை மூடிவிட்டு, காலி எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் ஆர் சிஎஸ்வி' என்பதில் போய் அதே ஃபைலைக் காட்டி, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். லைன்மேன் வீடு திரும்பி வந்துவிடும். லிப்ரே ஆஃபிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, திறக்கும்போதே என்ன குறியீடு என்று அது கேட்கும்.

ஆனால் தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் மட்டும் வரிசையாக இருந்தால் கதை வேறு. எக்ஸ்போர்ட் செய்யும்போதே அவர்கள் பக்கம் தமிழ் எழுத்து அழிந்துவிட்டது. அந்த ஃபைலை வைத்துக்கொண்டு எந்தக் குறியீட்டை மாற்றினாலும் அது திரும்பாது. மூன்றாவதாக ஒரு வகை உண்டு, பழைய டிடிபி ஆட்கள் செய்து கொடுத்த உள்ளூர் மென்பொருளில் வருவது. திரையில் தமிழாகத் தெரியும், வெளியே எடுத்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக இருக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது அது. மாற்றிக் கொடுக்கிற கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன, கொஞ்சம் பிழை திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆக, கோணல் எழுத்துக்கு வைத்தியம் உண்டு, பாமினிக்கு உண்டு, கேள்விக்குறிக்கு மட்டும் கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஃபைலைத் தூக்கிப் போட்ட ஆளையும் பார்த்திருக்கிறேன், கேள்விக்குறி ஃபைலை இரண்டு வருடம் பத்திரமாக பேக்கப் எடுத்த ஆளையும் பார்த்திருக்கிறேன்.

எண்களையும் பாருங்கள். துவரம் பருப்பு வருகிற ஹெச்எஸ்என் (ஜிஎஸ்டி பில்லில் போடுகிற சரக்குக் குறியீட்டு எண்) 0713, வத்தல் 0904. எக்செல் முன்னாடி இருக்கிற பூஜ்யத்தை முழுங்கிவிட்டு 713, 904 என்று காட்டும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கம் இருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது. அப்படியே சேமித்துவிட்டால் போனது போனதுதான். மேலே சொன்ன வழியில் உள்ளே ஏற்றும்போதே அந்த எண்கள் இருக்கிற நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் வந்த ஃபைலைத் தொடாமல் வைத்துவிட்டு, அதன் நகலைத் திறந்து பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, என்னென்ன வெளியே வந்தது என்று எண்ணுங்கள். ஆள் பட்டியலும் சாமான் பட்டியலும் எல்லோரும் கொடுப்பார்கள். பில் பட்டியல் என்று கொடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பல இடத்தில் பில் எண், தேதி, மொத்தத் தொகை என்று ஒரு வரி மட்டும் வரும், அந்தப் பில்லுக்குள் என்னென்ன சாமான் போனது என்பது வராது. வரி வரியாக வர வேண்டும். வரவு வைத்ததும் தனியாக வர வேண்டும். எல்லாம் வந்த பிறகு, திரையில் காட்டுகிற மொத்தப் பாக்கியையும் ஃபைலில் இருக்கிற பாக்கியைக் கூட்டி வருகிற தொகையையும் ஒப்பிடுங்கள். திருப்பி வாங்கிய சாமான் கழிந்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். பைசா சுத்தமாக ஒத்துப்போனால் மென்பொருள் பாதி தேறியது.

விற்க வந்தவரிடம் கேட்க வேண்டியது

ஒரே கேள்விதான். "நாளைக்கு நான் புதுப்பிக்காம விட்டா, என் பழைய கணக்கைப் பாக்க முடியுமா, எத்தனை நாளைக்கு?" நிறைய பேர் சிரித்துக்கொண்டே "ஏன் சார் நிறுத்தப் போறீங்க" என்பார்கள். அது பதில் இல்லை. "பாத்துக்கலாம் சார், நான் இருக்கேன்ல" என்பார்கள். அவர் இருக்க மாட்டார், ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய் அங்கேயிருந்து உங்களுக்கே போன் போடுவார். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள்.

கூடவே கம்பெனியின் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோல் எஃப் அடித்து டெர்மினேஷன் (சேவையை முடிப்பது), ரிடென்ஷன் (கணக்கை எத்தனை நாள் வைத்திருப்பது), எக்ஸ்போர்ட் என்ற மூன்று சொற்களைத் தேடுங்கள். நாற்பது பக்கத்தையும் வாசிக்க யாருக்கும் நேரம் இல்லை, எனக்கும் இல்லை. அந்த மூன்று சொல் வருகிற பத்திகளை மட்டும் வாசித்தால், காசு நின்ற பிறகு எத்தனை நாளில் உங்கள் கணக்கை அழிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் சிரமம் என்றால் வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.

அந்த நாள் கணக்கை எதோடு ஒப்பிடுவது என்று கேட்டால், சட்டத்தோடு. ஜிஎஸ்டி சட்டம் 36-ஆவது பிரிவுப்படி, ஒரு வருடக் கணக்கை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் போடக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் நீங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25 கணக்கு என்றால் ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி 2025 டிசம்பர் 31, அங்கிருந்து ஆறு வருடம், அதாவது 2031 டிசம்பர் கடைசி வரை. ஆடிட்டர் வீட்டுப் படி ஏறி "சந்தா முடிஞ்சுது, அதனால கணக்கு இல்லை" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பொறுப்பு உங்கள் தலையில், சாவி இன்னொருவன் கையில். எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பக் கோபம் வருகிற இடம் இதுதான். புது வசதிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைக்கட்டும், பழைய கணக்கை வாசிப்பதற்கு விலை வைக்கக் கூடாது.

சின்னக் கடை என்பதால்தான் இப்படி, பெரிய ஆளிடம் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நயாரா எனர்ஜி குஜராத்தில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கிற கம்பெனி. ரஷ்யப் பங்கு இருப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, 2025 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவர்களுக்குக் கொடுத்திருந்த சேவையை நிறுத்தியது. காசு கட்டி உரிமம் வாங்கியிருந்தும் தங்கள் மின்னஞ்சலைத் தாங்களே பார்க்க முடியவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார்கள், சில நாட்களில் சேவை திரும்பியது. அவர்களுக்கு வக்கீல் பட்டாளம் இருக்கிறது. அண்ணாச்சிக்கு நான்தான் இருந்தேன்.

யார் பேரில் இருக்கிறது?

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் குற்றவாளி நான். அண்ணாச்சி கடை மென்பொருளை என் மெயில் ஐடியில்தான் பதிந்திருந்தேன். அவருக்கு மெயில் கிடையாது, அவசரத்துக்கு என்னுடையதைப் போட்டேன். சந்தா முடியப்போகிறது என்ற நினைவூட்டல் எல்லாம் எனக்குத்தான் வந்திருக்கிறது, விளம்பர மெயில்களுக்கு நடுவில். கம்ப்யூட்டர் சரி பண்ண வருகிற பையன், மருமகன், வேலை பார்த்துப் போன அக்கவுண்டன்ட், யார் பெயரில் கணக்கு இருந்தாலும் இன்றைக்கே மாற்றுங்கள். கடை பில்லில் போடுகிற போன் எண்ணின் சிம் கடைக்காரர் பெயரில் இருக்க வேண்டும். சிம் இருந்தால் கம்பெனியை மாற்றிக்கொண்டு எண்ணை வைத்துக்கொள்ளலாம், 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க அந்த உரிமை இருக்கிறது. யூபிஐயிலும் அப்படித்தான், எந்த ஆப்பில் இருந்தும் எந்த ஆப்பின் கியூஆருக்கும் பணம் போகிறது. இப்படி மாறிக்கொள்ளும் வசதியை எந்தக் கம்பெனியும் தானாகக் கொடுக்கவில்லை, மேலேயிருந்து விதி வந்ததால் கொடுத்தார்கள். கணக்கு மென்பொருளுக்கு அப்படி ஒரு விதி வரும் வரை நாம்தான் பார்த்துக்கொள்ளணும்.

மெயிலுக்குக் கடை பெயரில் ஒரு டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வாங்கிவிடுவது நல்லது. வருடத்துக்குப் பெரிய செலவு இல்லை. மெயிலை இன்று ஒருவன் நடத்தட்டும், நாளை இன்னொருவனிடம் மாற்றினாலும் பெட்டிகளில் அச்சடித்த முகவரி மாறாது.

நம்ம ஊர்க்காரன் என்றால்?

இந்தக் கேள்வி தென்காசிப் பக்கம் போனால் கண்டிப்பாக வரும். மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் இருக்கிறது, பழைய திருநெல்வேலிச் சீமைக்குள்ளேயே. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி, பங்குச் சந்தைக்குப் போகாமலே வளர்ந்தது, பெருநகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வேலையைக் கொண்டு வந்தது. எனக்கும் பெருமைதான், இல்லையென்று சொன்னால் பொய். பங்குச் சந்தை நெருக்கடி இல்லாத கம்பெனி கொஞ்சம் நிதானமாக நடந்துகொள்ளும் என்று நம்பவும் இடம் இருக்கிறது.

ஆனால் பெருமை வேறு, பின்வாசல் வேறு. 2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோவின் அரட்டை ஆப்பை ஊரே இறக்கியபோது குரல், வீடியோ அழைப்புக்கு முழு மறைகுறியாக்கம் (நடுவில் கம்பெனிகூடக் கேட்க முடியாத பூட்டு) இருந்தது, எழுதுகிற செய்திக்கு அப்போது இல்லை. என் வாட்ஸ்அப் குழுக்களில் அதைக் கேட்டவனை எல்லாம் துரோகி மாதிரி பார்த்தார்கள். நம்ம ஊர்க்காரனிடம் கேள்வி கேட்பதில் என்ன தப்பு? பக்கத்து வீட்டு மாமாவிடம் சீட்டுப் போட்டாலும் ரசீது வாங்கத்தானே செய்கிறோம். அதே இருபது பில், அதே எக்ஸ்போர்ட், அதே கேள்வி. தேறினால் சந்தோஷமாக வாங்குங்கள்.

திறந்த மூல மென்பொருள், அதாவது எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்த விடுகிற வகை, பற்றியும் கேட்பார்கள். அதில் பின்வாசல் உரிமத்திலேயே இருக்கிறது. 2010-இல் ஆரக்கிள் கம்பெனி சன் நிறுவனத்தை வாங்கியபோது ஓப்பன் ஆஃபிஸும் அதோடு போனது. எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒரு கூட்டம் அதே வருடம் மூல நிரலை எடுத்துக்கொண்டு வெளியே வந்து லிப்ரே ஆஃபிஸ் என்று தொடங்கினார்கள், பயன்படுத்தியவர்களின் ஃபைல் எல்லாம் அதில் திறந்தன. கடைக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி இந்தியாவிலேயே எழுதிய திறந்த மூல மென்பொருள் உண்டு. ஆனால் அதை வைத்துப் பராமரிக்க ஒரு ஆள் வேண்டும், தனிக்கடைக்காரருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். டாலி மாதிரி டேட்டாவை உங்கள் ஹார்டு டிஸ்க்கிலேயே வைக்கிற வகை இன்னொரு வழி.

ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லவும் மனம் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் உள்ளேயே வந்துவிட்டது. மேஜைக்குக் கீழே சிபியூ வைத்திருந்த கடைகளில் கணக்கு, பேக்கப் எடுத்து அதே டிராயரில் போட்டிருந்த பென்டிரைவ், பழைய பேரேடு எல்லாம் ஒரே சேற்றில். அந்த வாரம் கணக்கைக் கிளவுடில் வைத்திருந்தவர்கள் போனைத் திறந்து பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் அண்ணாச்சிக்கு அந்த மென்பொருளைச் சொன்னேன், இப்போதும் அந்தக் காரணம் தப்பில்லை என்றே நினைக்கிறேன். நான் செய்த தப்பு, கணக்கை ஒரே ஒரு இடத்தில் விட்டது.

காசு போகிற குழாய்

மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை என்பார்கள். கட்டாதீர்கள். முதல் வருடம் மட்டும் கட்டுங்கள், அதிலும் மூன்றாம் வருடம் என்ன விலை என்று கேட்டு வாங்கி வையுங்கள். ஆட்டோ பே போட்டிருந்தால் உங்கள் யூபிஐ ஆப்பில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற இடத்தில் பட்டியல் இருக்கும், அங்கேயே நிறுத்திவிடலாம், கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தானாகப் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தச் செய்தி வந்தால் வாசியுங்கள். நிறுத்துகிற பட்டனை ஒளித்து வைப்பது, நிறுத்தவே விடாமல் சுற்றவிடுவது எல்லாம் 2023 நவம்பர் 30-இல் வந்த டார்க் பேட்டர்ன் (ஆளை ஏமாற்றுகிற திரைத் தந்திரம்) விதிகளில் தடை செய்யப்பட்ட 13-இல் ஒன்று, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம். வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு இழுக்கும். பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துகிற சின்னக் கடைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு தடவை

பேக்கப் எடுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை, எடுக்கிற ஆளும் இல்லை. தேதி வைத்தால் மறந்துபோகிறது. அண்ணாச்சி கடையில் நாங்கள் கண்டுபிடித்த வழி அமாவாசை. அன்றைக்கு எப்படியும் கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் மாற்றுவார்கள், அது ஒரு மாதம் கூடத் தவறியதில்லை. அன்றைக்கே எக்ஸ்போர்ட். ஆள் பட்டியல், பாக்கி, பில் வரி வரியாக, வரவு, சரக்கு இருப்பு, ஐந்து ஃபைல். மாதத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர். இரண்டு பென்டிரைவ், ஒன்று கடையில், இன்னொன்று வீட்டு மாடியில் பீரோவுக்குள், மாதம் மாற்றி மாற்றி. எடுத்த ஃபைலில் ஏதாவது ஒன்றைத் திறந்து ஒரே ஒரு வீட்டின் பாக்கியைத் திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

ஒருவேளை மாறத்தான் வேண்டும் என்றால் ஏப்ரல் 1-ஆம் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், வருட நடுவில் மாறினால் ஆடிட்டர் உங்களைப் பார்க்கிற பார்வையே சரியாக இருக்காது. பழையதை நிறுத்துவதற்கு முன்பு கடைசி எக்ஸ்போர்ட், புதியதில் தொடக்கப் பாக்கி ஏற்றிச் சரி பார்த்தல், ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். அதன் பிறகு ஆட்டோபேயை வெட்டிவிட்டு, கணக்கை அழிக்கச் சொல்லி மெயில் போடுங்கள், உங்கள் வாடிக்கையாளர்களின் போன் எண்கள் அவர்களிடம் கிடக்கத் தேவையில்லை.

அண்ணாச்சி மாறவில்லை. அதே கம்பெனி, அதே ஆரஞ்சு பட்டன். எக்ஸ்போர்ட்டைச் சோதித்தபோது தமிழும் பாக்கியும் சரியாகவே வந்தன, அத்தனை நாளும் நான் அதைத் தொட்டுப் பார்க்காமல் விட்டதுதான். இந்த வருடம் புதுப்பிக்கச் சொல்லி போன் வந்ததும், பத்து நாள் கழித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். போன வருடம் அப்படிச் சொல்ல அவருக்கு வாய் இருந்திருக்காது. பென்டிரைவ் இப்போது அண்ணாச்சி வீட்டு ஆச்சி பொறுப்பில். அமாவாசை காலையில் எனக்கு அங்கேயிருந்துதான் போன் வருகிறது, "தம்பி, பழம் மாத்தியாச்சு, அந்தக் குச்சியில என்னமோ சிவப்பு லைட்டு எரியுது, அது எரியலாமா?"